நியூகாசிலா, லிவர்பூலா: எது மோசமான கோட்டைவிடல்?

இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீகில் கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்துகொண்டவர்கள் என்றால் 1995-96 நியூகாசிலையும் 2013-14 லிவர்பூலையும்தான் சொல்வார்கள்.

நியூகாசில் சரிந்தது கொஞ்சம் கொஞ்சமாக. ஜனவரியில் 12 புள்ளி முன்னிலை. மார்ச் 4 அன்று சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை முதல் பாதி முழுக்கத் திணறடித்தார்கள். யுனைடெட் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் எதையும் உள்ளே விடவில்லை. பிறகு யுனைடெட்டின் கன்டோனா ஒரே கோல், 0-1. ஏப்ரலில் லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 3-2 என்று முன்னே இருந்தும், கூடுதல் நேரத்தில் லிவர்பூலின் காலிமோர் அடித்த கோலால் 4-3 தோல்வி. விளம்பரப் பலகை மேல் கவிழ்ந்து கிடந்தார் மேனேஜர் கீகன். கடைசியில் யுனைடெட்டைவிட 4 புள்ளி பின்தங்கினார்கள்.

லிவர்பூலுக்கு ஒன்பது நாள் போதுமாக இருந்தது. தொடர்ந்து 11 வெற்றி, மீதி மூன்றே ஆட்டம். செல்சியுடன் லிவர்பூல் கேப்டன் ஜெரார்டு வழுக்கி விழ, செல்சியின் டெம்பா பா பந்தோடு ஓடினார், முடிவில் 0-2. அடுத்து கிறிஸ்டல் பேலஸுடன் 79-வது நிமிடம் வரை 3-0, முடிவில் 3-3. கோப்பை வென்ற மான்செஸ்டர் சிட்டி 86 புள்ளி, லிவர்பூல் 84.

ஜெரார்டை மட்டும் திட்டுவது அநியாயம். அந்த சீசனில் லிவர்பூல் வாங்கிய கோல்கள் 50, சிட்டி வாங்கியது 37. ஓட்டை முன்பே இருந்தது. நியூகாசிலின் தடுப்பாட்டத்தைத்தான் இன்றுவரை கிண்டலடிக்கிறார்கள். அவர்கள் வாங்கியது 37, கோப்பை வென்ற யுனைடெட் 35. அடித்ததில்தான் 66-க்கு 73 என்று பின்தங்கினார்கள். என் கணக்கில் லிவர்பூலுடையதே மோசம்.