இங்கிலீஷ் வில்லோ, காஷ்மீர் வில்லோ: மட்டைக்கு முன்னால் மரத்தைப் பார்ப்போம்

இரண்டு கிரிக்கெட் மட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, எந்த ஊர் வில்லோ மரத்தில் செய்தவை என்று தெரிந்துவிடும். வெளிறிய நிறம், மேலிருந்து கீழே நேராக ஓடும் ரேகைகள் என்றால் இங்கிலீஷ் வில்லோ. கொஞ்சம் பழுப்பு, கையில் கொஞ்சம் கனம் என்றால் காஷ்மீர். (ஸ்டிக்கரில் ‘பாப்புலர் வில்லோ’ என்று இருந்தால் பெரும்பாலும் அது வில்லோவே இல்லை, பாப்ளர் மரம்.) விலையோ பல மடங்கு மாறும். மண்ணும் தண்ணீரும்தான் காரணம் என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதி, மரம் கன்றாக இருந்தபோது அதை யார் கவனித்தார்கள் என்பதில் இருக்கிறது.

இங்கிலாந்தின் எசெக்ஸ், சஃபோக் பக்கம் வில்லோ மட்டைக்கென்றே வளர்க்கும் பயிர். நாம் முருங்கைப் போத்து நடுவதுபோல, வேரே இல்லாத, ஆளைவிட உயரமான கழியை ஓடைக்கரை ஈரத்தில் ஆழமாக ஊன்றுகிறார்கள். கழிக்குக் கழி சுமார் 10 மீட்டர் இடைவெளி. அப்புறம்தான் வேலையே. முதல் சில வருடங்களுக்கு அடிமரத்தில் எட்டிப் பார்க்கும் துளிரையெல்லாம் கையால் தேய்த்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் துளிர் கிளையாகும், கிளை நின்ற இடம் கணுவாகும். கணு விழுந்த கட்டை முதல் தரத்துக்குப் போகாது. 15 முதல் 20 வருடத்தில் வெட்டு. மட்டையின் ஒவ்வொரு ரேகையும் மரத்தின் ஒரு வயது. வேகமாக வளர்ந்த மரத்தில் ரேகைகள் அகலம், எண்ணிக்கை குறைவு. இவ்வளவு பாடுபட்டும் ‘வாட்டர்மார்க்’ என்ற பாக்டீரியா நோய் வந்தால் கட்டையில் கறை ஏறும், மரம் வீண்.

காஷ்மீரில் கதை வேறு. அனந்த்நாக் மாவட்டத்தில், பிஜ்பெஹாரா, சங்கம் பக்கம், ஸ்ரீநகர்–ஜம்மு சாலையோரம் கட்டைகளைக் கோபுரம்போல அடுக்கிக் காற்றில் காயவைத்திருப்பார்கள். தொழில் பெரியது. ஆனால் மரம் பெரும்பாலும் மட்டைக்காக நட்டதல்ல. விறகுக்கும் ஆட்டுத் தழைக்கும் நட்டது. தழைக்காகக் கிளையை வெட்ட வெட்ட அடிமரத்தில் கணு சேரும். ஊலர் ஏரியில் விறகுக்காக நட்ட வில்லோக்களை, ஏரியை மீட்பதற்காக லட்சக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். புதிதாக நடுபவர்களோ பாப்ளர் பக்கம் போகிறார்கள். அது சீக்கிரம் காசாகிறது. பிளைவுட்டுக்கும் ஆப்பிள் பெட்டிக்கும் ஆள் வந்து வாங்கிப் போகிறார்கள். 20 வருடம் காத்திரு என்று அவர்களிடம் எந்த வாயால் சொல்வது?

அதற்காகக் காஷ்மீர் மட்டையை மட்டமாக நினைக்க வேண்டாம். 2021 டி20 உலகக் கோப்பையில் ஓமன் வீரர்கள் சிலர் அதோடுதான் ஆடினார்கள். டென்னிஸ் பந்துக்கும், லெதர் பந்தில் இப்போதுதான் பழகும் பையனுக்கும் நான் காஷ்மீரைத்தான் சொல்வேன். அதன் கெட்டித்தன்மை அடி தாங்கும். லீக் ஆட்டம் என்று வந்துவிட்டால் இங்கிலீஷ்தான். மட்டையிலிருந்து பந்து துள்ளிக் கிளம்பும் விதம் அதில் தனி.

எதை வாங்கினாலும் கடையிலேயே உறையைக் கழற்றி, கணு இருக்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டைப் பக்கம் ஒன்று இருந்தால் பரவாயில்லை. பந்து படும் இடத்தில் இருந்தால் வேறு மட்டை கேளுங்கள்.