பறக்கும் பருந்துக்கு எட்டு மடங்கு போதும்: 8×42 பைனாகுலர்

கேமரா கடைகளில் பைனாகுலர் கேட்டால் பெரும்பாலும் 10×42ஐத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது நல்லது. பறக்கும் பருந்துக்கு 8×42 வாங்குங்கள் என்று அடித்துச் சொல்வேன். வலசைக் காலமான அக்டோபர், நவம்பரில் சிங்கப்பூரின் ஹெண்டர்சன் வேவ்ஸ் நடைபாலத்தில் நின்று, என் 8×42ஐயும் அக்காள் மகனின் 10×42ஐயும் மாற்றி மாற்றிப் பார்த்தவள் நான்.

எட்டு மடங்கில் வானம் அகலமாகத் தெரிகிறது. மரங்களுக்கு மேல் சட்டென்று கிளம்பும் வல்லூறைத் தேடி அலையாமல் உடனே கண்ணாடிக்குள் பிடித்துவிடலாம். கை நடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. இது ஏன் முக்கியம் என்றால், நம்முடைய வெளுத்த வானத்தில் பறவையின் நிறம் கரைந்து நிழலுருவம்தான் மிஞ்சும். சிறகு நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளை எண்ணியாக வேண்டும்: தேன்பருந்துக்கு ஆறு, ஜப்பானிய வல்லூறுக்கு ஐந்து, சீன வல்லூறுக்கு நான்கு. படம் ஆடினால் ஐந்தும் நான்கும் ஒன்றுதான்!

தேன்பருந்தின் நிறத்தை நம்பவே கூடாது. வெளிறியதும் உண்டு, ஏறக்குறையக் கறுப்பும் உண்டு. புறாவினுடையதுபோல் சிறுத்த தலை, நீண்ட கழுத்து, தட்டையாக விரித்த சிறகு, இவைதான் அடையாளம். வெண்வயிற்றுக் கடற்கழுகு சிறகுகளை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து மிதக்கும். அதைத் தொலைவிலேயே சொல்லிவிடலாம். பாலம் சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரத்தில் இருப்பதால், செம்பருந்து சில நேரம் நம் காலுக்குக் கீழேயே வட்டமிடும். அதன் செங்காவி முதுகை 8×42இல் பார்ப்பது பெரும் பேறு.

கண்ணாடி அணிபவர்கள் விழியிலிருந்து வில்லைக்கு 15 மில்லிமீட்டருக்குமேல் இடைவெளி தரும் மாதிரியைக் கேட்டு வாங்குங்கள். நைட்ரஜன் நிரப்பிய, நீர்புகாத வகையாகவும் இருக்கட்டும். நவம்பர் மழைக்கு வேறு வழியில்லை. குளிரூட்டிய எம்ஆர்டி ரயிலிலிருந்து வெளியே வந்தால் வெளிவில்லை எப்படியும் பனிக்கும். அதனால் நிலையத்தை விட்டு வந்ததுமே பையிலிருந்து எடுத்துவிடுவேன். என்னுடையது 300 வெள்ளிக்குள் வந்தது. 3,000 வெள்ளிக்குமேல் விற்பவையும் உண்டு. அவற்றின் தெளிவு தனிதான், ஆனால் பறவையை இனங்காணக் கற்றுக்கொள்ள அவ்வளவு செலவு தேவையில்லை.

குறை இல்லாமல் இல்லை. கடலுக்கு மேல் வெகுதொலைவில் புள்ளியாகத் தெரியும் பறவையை 8×42 அடையாளம் காட்டாது. அதற்கு முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி வேண்டும். கழுத்துப் பட்டையும் சீக்கிரம் வலி தரும். தோள்வார் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். நிலம் சூடேறிக் காற்று மேலெழும்பிய பிறகுதான் தேன்பருந்துகள் கூட்டமாக உயரும், அதனால் காலை பத்து மணியிலிருந்து உச்சிப்பொழுதுவரை நிற்க வேண்டியிருக்கும்.