யானையா, தொலைபேசியா?

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஐ.தே.க. (ஐக்கிய தேசியக் கட்சி) பேச்சு வந்தால் பிளேன்டீ ஆறிப்போகும். ரணில் விக்கிரமசிங்க 1994 முதல் கட்சித் தலைவர். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர், 2022 பொருளாதார நெருக்கடியில் நாட்டைப் பொறுப்பெடுத்தவர். ஆனால் அடுத்த வரிசைக்கு வழிவிட்டாரா? இல்லை. 2020 பொதுத் தேர்தலில் கட்சிச் சின்னமான யானைக்கு மிஞ்சியது ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம். பிரிந்துபோன சஜித் பிரேமதாசவின் புதுக் கட்சிச் சின்னமான தொலைபேசிக்கு 54.

சஜித்துக்குப் பேச்சு நீளம், வாக்குறுதியும் கூடத்தான். சரி, ஆனால் 2019, 2024 இரண்டு ஜனாதிபதித் தேர்தலிலும் எங்கள் மாவட்டம் அவர் பக்கமே நின்றது. நிதியமைச்சு என்றால் ரணில், தலைமை என்றால் சஜித் என்பேன்.

2024 இல் ரணிலின் சின்னம் கேஸ் சிலிண்டர். நெருக்கடி நேரம் கேஸ் வரிசையில் கால்கடுக்க நின்ற கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார்.