சாவி கொடுக்கும் ஜனதா: பல வருடம் கட்டிய பிறகு

அலுவலக நண்பர் ஒருவர், "எச்.எம்.டி. ஜனதா வாட்ச் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டார். என்னுடையது அப்போதுதான் ரிப்பேர் முடிந்து கைக்குத் திரும்பியிருந்தது. ரிப்பேரின்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உள்ளே 17 கல் (அச்சுகள் தேயாமல் தாங்கும் சின்னக் கற்கள்), சாவி கொடுத்து ஓடும் மெஷின், தேதி கிடையாது. இவ்வளவும் தெரிந்துதான் யாரும் ஜனதாவைத் தேடுகிறார்கள். நான் இதை விடாமல் கட்டுவதற்குக் காரணம் வேறு. காலையில் சட்டை மாட்டிய கையோடு சாவி கொடுக்க வேண்டும். முதலில் லேசாகச் சுற்றும், போகப் போக இறுகும், இனி சுற்றாதே என்று விரலுக்கே தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த அரை நிமிடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு நாள் கொடுக்க மறந்தாலும் மறுநாள் காலை வரை எப்படியோ ஓடிவிடுகிறது. தேதி இல்லாததும் ஒரு சௌகரியம்தான். முப்பது நாள் மாதம் முடிந்ததும் முள்ளை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம். கண்ணாடி அக்ரிலிக் என்பதால் பஸ் கம்பியில் உரசினாலே கீறல் விழும். ஆனால் பற்பசை தொட்டு மெல்லிய துணியால் தேய்த்தால் மேலோட்டமான கீறல்கள் போய்விடும்.

இந்த வாட்ச் என் சித்தப்பாவுக்குக் கல்யாணத்தில் பெண் வீட்டார் போட்டது. அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றால் பல வீடுகளில் எச்.எம்.டி.தான். மத்திய அரசின் கம்பெனியான எச்.எம்.டி.யில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதிர்ச்சி தாங்கும் சிட்டிசனின் பாரா ஷாக் அமைப்பும் அந்த வழியாகத்தான் இதற்குள் வந்தது. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு ஊசி மாதிரி மெலிசு. அதைத் தாங்கும் கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங் பிடித்திருப்பதால், அடி பட்டாலும் அச்சு சட்டென்று உடையாது. மேஜையிலிருந்து விழுந்தும் என் வாட்ச் நிற்காமல் ஓடியிருக்கிறது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று வேகம் பிடித்தது. காலையில் சரிசெய்தால் சாயங்காலத்துக்குள் பத்து நிமிடம் முந்திவிடும். பக்கத்தில் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "மெஷின் போச்சு சார். செல் மெஷின் போட்டுத் தரேன், பிரச்சினையே இருக்காது. பழசை இங்கேயே விட்டுடுங்க" என்றார். செல் மெஷின் என்றால் பேட்டரியில் ஓடும் மெஷின். லென்ஸைக்கூட கண்ணில் வைக்கவில்லை. பல வருடமாக இதே பல்லவியைத்தான் கேட்கிறேன். ஸ்ட்ராப் மாற்றப் போனாலும் செல் மெஷின், கண்ணாடி மாற்றப் போனாலும் செல் மெஷின். இந்த வாட்ச்சில் எனக்குள்ள ஒரே தீராத எரிச்சல் இதுதான், அது வாட்ச்சின் குற்றமே இல்லை.

அப்புறம் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் வாட்ச்சைத் திறக்கக்கூட இல்லை. ஒரு திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனார், அதன் முள் ஆடியது. "காந்தம் ஏறியிருக்குப்பா" என்றார். பேலன்ஸ் சக்கரத்தை ஆட வைக்கும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போல ஆகிவிடும். மணிக்கு 18,000 தடவை, அதாவது விநாடிக்கு ஐந்து தடவை டிக் டிக் என்று அடிக்க வேண்டிய பேலன்ஸ் அதைவிட வேகமாக ஆடும். போன் ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு என்று நம்மைச் சுற்றிக் காந்தம் இல்லாத இடம் ஏது? காந்தம் எடுக்கும் கருவியின் மேல் வைத்து எடுத்தார், சில விநாடிகளில் வேலை முடிந்தது. அதற்குக் காசு வாங்க மறுத்தார். நானே கேட்டு, கழற்றிக் கழுவி எண்ணெய் விடும் சர்வீஸுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது நாளைக்கு அரை நிமிடம் போல முன்னே பின்னே போகிறது. இந்த வாட்ச்சின் வயதுக்கு அது போதும்.

முதல் கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துவிட்டது. புது உதிரி பாகம் வர வழியில்லை, இன்னொரு வாட்ச்சைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் டைட்டனை ஆரம்பித்த பிறகு, ஊரெல்லாம் செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்தான். செல் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் காசு வரும்போது, நாள் முழுக்கக் குனிந்து பல்சக்கரம் கழுவ யார் உட்காருவார்? இதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் நல்ல மெஷினைச் செத்துப்போனது என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனால் ஆன்லைனில் 'புத்தம் புது ஜனதா' என்று வருவதில் பெரும்பாலானவை பழைய மெஷினில் டயலுக்கு மறுபெயின்ட் அடித்தவை. எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் ஒரே சீராக இருக்காது, எச்.எம்.டி. போடவே போடாத கலரெல்லாம் இருக்கும். உறவுக்காரர் யார் வீட்டு பீரோவிலாவது ஒன்று கிடந்தால் கேட்டு வாங்குங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உள்ளே பழைய மெஷின் இருந்தால் போதும். அந்தப் பெரியவரின் கடை ஞாயிற்றுக்கிழமை லீவு, மற்ற நாளில் நானே கூட்டிப்போகிறேன்.