சோலார் வேலி மெஷின் ரிவ்யூ: வாங்கலாம், ஆனா வரப்புக்கு அந்தப்பக்கம் இருக்கறவர கேட்டுட்டு வாங்குங்க

ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் மலைய ஒட்டி கழனியோ கொல்லையோ வச்சிருக்கறவங்க யாராவது காட்டுப்பன்னிக்கு சோலார் வேலி (வெயில்ல சார்ஜ் ஆகற பேட்டரில இருந்து கம்பில விட்டு விட்டு ஷாக் குடுக்கற வேலி) போடலாமானு யோசிச்சிட்டு இருந்தீங்கன்னா இத படிச்சிட்டு அப்புறம் கடைக்கு போங்க. மெஷினுக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், வித்த கடைக்கு ரெண்டு. கடை வேலூர்லதான், பேர் வேணாம். மெஷின் எப்படி மாட்டறதுன்னு யூட்யூப்ல வீடியோ கொட்டிக்கிடக்கு, ஆனா பொது வரப்புல கம்பி இழுக்கும்போது பக்கத்து கழனிக்காரர்கிட்ட என்ன பேசணும், கம்பத்த எங்க நடணும், அவர் பக்கம் பன்னி விழுந்துட்டா யாரு யாருக்கு சொல்லணும், இதெல்லாம் ஒருத்தரும் சொல்றதில்ல, காசு போட்டு வேலி போட்டவங்க பாதி பேரு கழட்டி வைக்கறது மெஷின் கெட்டுப்போய் இல்ல, இந்த பஞ்சாயத்தாலதான்.

எங்க நெலம் காப்புக்காட்டு (வனத்துறை காடு) எல்லைக்கு கூப்பிடு தூரம். மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டா காய் புடிக்கற நேரம் பாத்து பன்னி வரும், ஒரு நாள் முன்னாடியும் வராது பின்னாடியும் வராது, மண்ணுக்குள்ள காய் முத்தறது நமக்கு தெரியறதுக்கு முன்ன அதுக்கு மோப்பத்துல தெரிஞ்சிரும். ஒரு தாய்ப்பன்னி குட்டிங்களோட எறங்குச்சுன்னா விடியறதுக்குள்ள ஏர் ஓட்டுன மாதிரி பொரட்டி போட்டுடும். எலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணோம், சந்தோஷம்தான், ஆனா பாத்தியயே கிளறிட்டு போற பன்னிக்கு குறியீடு எல்லாம் தெரியாது. பழைய சேலைய சுத்தி கட்டி பாத்தோம், சலூன்ல இருந்து முடி வாங்கி வந்து தூவி பாத்தோம், பீர் பாட்டில தொங்கவிட்டு பாத்தோம். நாலு நாளைக்கு பயப்படும், அப்புறம் சேலைய ஒதுக்கிட்டு உள்ள வரும்.

வடக்கு வரப்புக்கு அந்தப்பக்கம் இருக்கறவர் எனக்கு பங்காளி முறை, பெரியப்பானுதான் கூப்பிடுவேன். அவங்க காலத்துல இதுக்கு வழியே வேற. ஆளுங்கள கூட்டிட்டு நாய் விட்டு ஓட்டுவாங்க, அதுக்கு ஊர்ல ஒரு மொறை இருந்துச்சாம். அடுத்தவன் கழனில நாய் விடறதுக்கு முன்னாடி சாயந்திரமே வீட்டுக்கு போய் சொல்லிடணும், பயிர் மேல மிதிச்சி ஓடக்கூடாது, அடிபட்ட பன்னி எவன் நெலத்துல போய் விழுதோ அவனுக்கு ஒரு பங்கு கறி போகணும், சொல்லாம தூக்கிட்டு போனா அது திருட்டு. நல்ல மொறைதான். ஆனா 1972ல வந்த வன உயிரினச் சட்டத்துக்கு அப்புறம் பங்கு வாங்குனவனும் கேஸ்ல சேந்துதான் போவான். அது தெரிஞ்சும் சுருக்கு கம்பி வைக்கறவன், தீனிக்குள்ள வெடி மறைச்சி அவுட்டுக்காய் வைக்கறவன் இன்னிக்கும் இருக்கான், அதுல நம்ம மாடு வாய வெச்சுதுன்னா தாடையே போயிடும். எல்லாத்துக்கும் மேல மோட்டார் லைன்ல இருந்து கொக்கி போட்டு வெறுங்கம்பில 230 வோல்ட்ட நேரா விடறது. தயவு செஞ்சி அத செய்யாதீங்க. ராத்திரி தண்ணி கட்ட போற மனுஷன்தான் அதுல மொதல்ல மாட்டுவான், பல நேரம் கம்பி கட்டுனவனே மாட்டிக்கறான்.

இப்ப மெஷினுக்கு வரேன். இதுவும் கரண்ட்தான், ஆனா வேற மாதிரி. 12 வோல்ட் பேட்டரில இருந்து எடுத்து ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்தி செகண்டுக்கு ஒரு தடவ டக்குனு ஒரு அடி அடிக்கும், அந்த அடி கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், அடுத்த அடி வரைக்கும் கம்பில ஒண்ணும் இருக்காது. அதனாலதான் தொட்டவன் கைய உருவிக்க முடியுது, நேர் லைன்ல அப்படி முடியாது, புடிச்சிக்கும். நானே வேணும்னு தொட்டு பாத்தேன், தோள்பட்டை வரைக்கும் சுத்தியால அடிச்ச மாதிரி இருந்துச்சு, ரெண்டாவது தடவ தொடறதுக்கு மனசு வரல. பன்னிக்கும் அதான் கணக்கு. ஈர மூக்கால முகர்ந்து பாக்கும், மூக்குல விழுந்தா போதும் பின்னாடி திரும்பி ஓடும். கம்பி ஒசரமா இருந்து முதுகு மயிர்ல பட்டுச்சுன்னா ஷாக் சரியா ஏறாது, மெரண்டு முன்னாடியே பாஞ்சி உள்ள வந்துரும். அதனால கீழ் கம்பி தரையில இருந்து அரை அடிக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். கடைல வந்து ஃபிட் பண்ண பசங்க மாட்டுக்கு வைக்கற ஒசரத்துக்கு வச்சிட்டு போய்ட்டாங்க, கடைக்கு ஸ்டார் கொறைஞ்சதுக்கு மொத காரணம் அது.

ரெண்டாவது காரணம் எர்த். நம்ம ஊரு செம்மண்ணு பங்குனி சித்திரைல காஞ்சி பொளந்து கெடக்கும், 40 டிகிரிக்கு மேல அடிக்கற வெயில்ல எர்த் ராடு எல்லாம் சும்மா இரும்பு குச்சிதான். ஷாக் அடிக்கணும்னா கம்பில இருந்து பன்னி வழியா மண்ணுல எறங்கி ராடுக்கு திரும்பி வரணும், மண்ணு காஞ்சிருந்தா அந்த வழியே அடைஞ்சிரும். ஒரே ஒரு ராட அடிச்சிட்டு பில்ல நீட்றாங்க. மூணு ராடு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்தடி, கரி உப்பு போட்டு, வெயில் காலத்துல அப்பப்ப ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க. ராடு சேத்த அப்புறம் டெஸ்டர்ல ரீடிங் ரெண்டு மடங்கா ஏறுச்சு, அதே மெஷின் அதே பேட்டரி. டெஸ்டர் தனியா வாங்கணும், கடைக்காரர் கேட்டாலும் தரமாட்டார், ஏன்னு இப்ப புரியுது.

மெஷின், பேனல், பேட்டரி எல்லாம் சேந்து இருபதாயிரத்துக்கு கிட்ட வந்துச்சு, கம்பி கம்பம் இன்சுலேட்டர் கூலி தனி. வேளாண் பொறியியல் துறைல சோலார் வேலிக்கு மானியம் இருக்கு, அஞ்சு வரிசை கம்பி, ஏழு வரிசை, பத்து வரிசைனு வகை வகையா, அவங்க ஆபீஸ்ல கேட்டு நிதி இருக்கானு பாத்துட்டு அப்புறம் கைக்காச எடுங்க. காட்ட ஒட்டி இருக்கற நெலம்னா வனத்துறைல பதிவு பண்ணணும், 2023ல இதுக்குனே தனியா விதி வந்திருக்கு, மெஷின் மேல பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய) முத்திரை இருக்கானு பாருங்க. கடைல இத பத்தி மூச்சு விடல, நான் கேட்டதுக்கு "யாருணா வந்து பாக்கப்போறாங்க"னு சொன்னாங்க. பாப்பாங்க. ஃபாரஸ்ட்காரர் வந்து பாத்தார், பேப்பர் இருந்ததால டீ குடிச்சிட்டு போய்ட்டார்.

இனிமேதான் முக்கியமான சமாச்சாரம். நாம வேலி போட்டா பன்னி பட்டினி கெடக்காது, மூக்குல அடி வாங்குனதும் நேரா பக்கத்து கழனிக்கு திரும்பும். ஊர்ல ஒருத்தர் மட்டும் போட்டாருன்னா அவரு தன்னோட பன்னிய எல்லாம் அடுத்தவர் தலைல கட்டறாருன்னு அர்த்தம். பெரியப்பா கம்பம் எறக்கும்போதே வந்து நின்னுட்டார், "இன்னாடா, ஒன் மல்லாட்டைய காப்பாத்தி என் நெல்லுல வுடறியா"னு கேட்டார், நியாயமான கேள்வி, பதில் சொல்லாம கம்பிய இழுத்தா அன்னிக்கே சண்டை. அதுக்கு மேல அவருக்கு இன்னொரு பயம், வேலி போட்டவன் பத்து வருஷம் கழிச்சி இதான் எல்லைனு சொல்லிடுவான்னு. நம்ம பக்கம் அப்படி சொன்னவங்க இருக்காங்க, அவர குத்தம் சொல்ல முடியாது.

அதனால நாங்க செஞ்சது இது. சர்வேயர வரவச்சி எஃப்எம்பி (நெலத்தோட சர்வே அளவு வரைபடம்) பாத்து எல்லைக்கல்ல ரெண்டு பேரும் சேந்து நின்னு தேடுனோம், ஒரு கல்லு புதைஞ்சி போயிருந்துச்சு, கெளறி எடுத்து சுண்ணாம்பு அடிச்சோம். வரப்பு நடுவுல கம்பம் நடல, என் பக்கம் ரெண்டடி தள்ளி நட்டேன், வேலி எல்லை இல்லைனு வெள்ள பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம். ரெண்டடி போச்சேனு வீட்ல திட்டு. போகட்டும், வரப்புல அவரு மாட்டுக்கு புல்லு அறுக்க வருவாங்க, அந்த எடம் வேணும். இதுல எனக்கு ஒரு லாபமும் இருக்கு, புல்லு வளந்து கீழ் கம்பிய தொட்டுச்சுன்னா வோல்ட்டேஜ் எல்லாம் புல்லு வழியா மண்ணுக்கு போயிடும், மழை காலத்துல பாதி வேலி செத்து போறது இதனாலதான். கடைக்காரர் களைக்கொல்லி அடிங்கனு சொன்னார். அடுத்தவர் மாடு மேயற வரப்புல களைக்கொல்லி அடிச்சா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிட்டு பேசறது? பெரியம்மா வாரத்துக்கு ஒரு தடவ புல்லு அறுத்துக்கிட்டாங்க, என் கம்பி சுத்தமா இருந்துச்சு, காசு செலவே இல்ல.

கெணறு எங்களுக்கு பொது, முறை வச்சி எறைக்கறோம். ராத்திரி த்ரீ பேஸ் கரண்ட் வந்தா அவரு என் கழனி ஓரமா நடந்து வந்துதான் மோட்டார் போடணும், அந்த வழிய மறிச்சி கம்பி கட்டுனா மெஷின் எவ்ளோ நல்ல மெஷினா இருந்தாலும் ஊர்ல நம்மள ஒருத்தனும் மதிக்கமாட்டான். அங்க ஸ்பிரிங் கேட் போட்டேன், புடி பிளாஸ்டிக், கழட்டி மாட்டலாம். மஞ்ச எச்சரிக்கை போர்டு கேட்டுக்கு பக்கத்துல ஒண்ணு, வரப்பு நெடுக ஒண்ணு ஒண்ணு. பகல்ல ஆஃப், பொழுது சாஞ்சா ஆன், மெஷின்லயே அந்த ஆட்டோ செட்டிங் இருக்கு, நல்லா வேலை செய்யுது, இதுக்காகவே அரை ஸ்டார் ஏத்தலாம். எப்ப ஆன் ஆகும்னு அவங்க வீட்டு சின்ன பசங்க வரைக்கும் தெரியும். சைரன் வச்ச மாடலும் இருக்கு, கம்பி அறுந்தா கத்தும், நான் வாங்கி ஒரு வாரத்துல கழட்டிட்டேன், ஒரு ஓணான் பட்டாலும் கத்துது, கொட்டாய்ல படுத்திருக்கற பெரியப்பா ஒவ்வொரு தடவையும் எழுந்து டார்ச் அடிச்சிட்டு ஓடி வரார்.

பன்னி செத்தா? இந்த ஷாக்குல சாவாது, ஆனா வேற எங்கயாவது சுருக்குல மாட்டி அடிபட்டது நம்ம வரப்புல வந்து விழலாம். அப்ப தொடாதீங்க, இழுத்து பக்கத்து கழனில தள்ளாதீங்க, ரெண்டு பேரும் சேந்து வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்கு போன் போடுங்க. கவர்மென்ட்டு சுடச்சொல்லி ஆர்டர் போட்டுடுச்சேனு சிலர் சொல்றாங்க, அத முழுசா படிக்கறதில்ல. 2025 ஜனவரில சொன்னது என்னன்னா, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் புடிச்சி காட்டுல விடணும், 3க்கு மேல போனாதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான், நானும் நீங்களும் இல்ல. எங்க கழனி மொத வட்டத்துலயே வந்துருது, அதனால எங்களுக்கு இந்த வேலிய விட்டா வேற வழி கெடையாது. பெரியப்பா கேரளால 2022லயே பஞ்சாயத்து தலைவருக்கே பன்னிய சுட உத்தரவு போட அதிகாரம் குடுத்துட்டாங்கனு இன்னும் சொல்லிட்டுதான் இருக்கார்.

ரெண்டாவது போகத்துல அவரும் சேந்துக்கிட்டார். தனி மெஷின் வாங்க வேணாம்னு சொல்லி என் மெஷின்ல இருந்தே அவரு பக்கம் லைன் இழுத்தோம், மெஷின் தாங்குது, பேட்டரிய மட்டும் பெருசா மாத்துனோம், காச பாதி பாதி போட்டுக்கிட்டோம். பேட்டரி தண்ணி பாக்கறது என் வேலை, மாடு இடிச்சி கம்பம் சாஞ்சா நிமித்தறது அவரு வேலை. ரெண்டு கழனியும் ஒரே வளையமா ஆனதுல நடு வரப்புக்கு கம்பியே தேவைப்படல, கழட்டி மேற்கால போட்டுட்டோம், அந்த ரெண்டடியும் எனக்கு திரும்பி வந்துச்சு.

மெஷினுக்கு ஒரு ஸ்டார் ஏன் கொறைச்சேன்னு கேட்டா, இடி மின்னல். மின்னல்ல இருந்து காப்பாத்தற லைட்னிங் அரெஸ்டர் மெஷினோட வரல, ஐப்பசி மழைல ஒரு தடவ மெஷினுக்குள்ள இருக்கற சர்க்யூட் போர்டு போயிடுச்சு, வாரன்டில மின்னலுக்கு எடம் இல்லையாம், சரி பண்ண தனி காசு. வாங்கும்போதே அரெஸ்டர் சேத்து கேளுங்க, மழை கட்டுனா மெஷின லைன்ல இருந்து கழட்டி வைங்க.

இப்ப பாக்கி இருக்கறது கிழக்கு பக்கம்தான். அந்த நெலத்துக்காரர் பெங்களூர்ல செட்டில், நெலம் முழுக்க சீமக்கருவேலம், பகல்ல பன்னிங்க படுத்து தூங்கறதே அதுக்குள்ளதான். வரப்ப ஒட்டி கம்பி கட்டணும்னா அந்த முள்ள வெட்டணும், வெட்டணும்னா அவரு சம்மதம் வேணும், போன் போட்டா எடுக்கறதில்ல, வாட்ஸாப்ல ப்ளூ டிக் மட்டும் விழுது. பெரியப்பா "வெட்டுடா பாத்துக்கலாம்"னு சொல்றார். பொங்கலுக்கு ஊருக்கு வருவாருன்னு கேள்வி, அதுவரைக்கும் அந்த பக்கம் மட்டும் ராத்திரி காவல்.