ஜனவரிப் பிள்ளையா, நவம்பர்ப் பிள்ளையா? பினாங்கில் பிரசவத்துக்கு மாதம் பார்ப்பது

மலேசியாவில் ஏது பருவம், எந்த மாதம் பெற்றால் என்ன என்பார்கள். இரண்டு பிள்ளைகளை இரண்டு காலத்தில் பெற்றவள் நான். வசந்தமும் பனியும் இங்கே கிடையாதுதான், ஆனால் இந்தோனேசியத் தீயிலிருந்து புகை வரும் மாதம், வராத மாதம் என்று உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதுதான் பருவம்.

மூத்தவன் 2019 ஆகஸ்டு கடைசியில், நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருந்தபோது பிறந்தான். அது அவனாக வந்த நேரம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், அதே மாநிலத்துச் செபராங் பிறையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு மாறிய பிறகு சின்னவளுக்கு மாதம் பார்த்தோம். 2024 ஜனவரியில் பிறந்தாள். யாராவது கேட்டால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் என்றுதான் சொல்வேன். நவம்பர், டிசம்பருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஜூலை முதல் அக்டோபர் வரை, தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், வேண்டவே வேண்டாம்.

சில விஷயங்களை இதில் சேர்க்கவே தேவையில்லை. டிங்கிக் கொசுவுக்கு மாதக் கணக்கு கிடையாது, வருடம் முழுக்க இருக்கிறது. பிறப்புப் பதிவுக்கு எந்த மாதமானாலும் தீபகற்பத்தில் 60 நாள் அவகாசம். தடுப்பூசி அட்டவணையும் மாறாது. ராசி, நட்சத்திரம் அவரவர் வீட்டு விஷயம்.

புகைக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை வீசும். அதே சமயம் இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் வறட்சி. இலைதழை மக்கிக் கரியான அந்தச் சதுப்பு மண்ணில் நெருப்பு பிடித்தால், மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். காற்று அதை நேராக நம் பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு வருடமும் மோசமாக வருவதில்லை. வரும் வருடம் பலமாக வரும். 1997-ஐப் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். 2013 ஜூனில் மூவாரில் அதே கதை. 2015-இல் அக்டோபர் கடைசி வரை விடவில்லை. 2019 செப்டம்பரில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள்.

அந்தச் செப்டம்பரில் மூத்தவனுக்கு முப்பது நாள்கூடக் கழியவில்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200-ஐத் தாண்டினால் மிக மோசம், 300-க்கு மேல் அபாயம். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெளி விளையாட்டை நிறுத்தவும் பள்ளியை மூடவும் அளவு வைத்திருக்கிறார்கள். வீட்டில் படுத்திருக்கும் பச்சைப்பிள்ளைக்கு எந்த அளவும் கிடையாது. பெரியவர்கள் முகக்கவரி போட்டுக்கொள்ளலாம். இரண்டு வயதுக்குக் கீழே போடவே கூடாது, மூச்சு முட்டும். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது முறை மூச்சு விடுகிறது, அதுவும் பெரும்பாலும் மூக்கு வழியாக. சளி கட்டினால் பால் குடிக்க முடியாது. ஆறு மாதத்துக்குள் ஃபுளூ ஊசியும் போட முடியாது. ஜன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் இருப்பது ஒன்றுதான் வழி.

சாத்திய அறையில் பத்தியம் காப்பது எப்படி என்று கேளுங்கள். பூண்டு வதக்கிய வாடை, மருந்து காய்ச்சிய வாடை, நல்லெண்ணெய் வாடை எல்லாம் உள்ளேயே சுற்றும். தலைக்குக் குளித்ததும் சாம்பிராணி போட்டே தீர வேண்டும் என்று என் அம்மா தணலோடு வந்து நின்றார். வெளியே ஊரே புகைகிறது, உள்ளே இது வேறா என்று நானும் அவரும் போட்ட சண்டையை அத்தை இன்றுவரை சொல்லிச் சிரிப்பார். அப்போது சட்டப்படி பிரசவ விடுப்பு 60 நாள்தான். புகை ஓய்ந்து ஊர் தெளிந்தபோது நான் வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது.

2023 ஜனவரி 1 முதல் அது 98 நாளாகியிருக்கிறது. தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. மாதம் பார்ப்பவர்கள் பிறக்கும் தேதியோடு நிறுத்திவிடாமல் 98-வது நாள் எங்கே விழுகிறது என்று கணக்குப் போட வேண்டும். அன்றைக்குப் பிள்ளை தாஸ்கா என்னும் குழந்தைகள் காப்பகத்துக்கோ, பார்த்துக்கொள்ளும் அக்கா வீட்டுக்கோ போகும். இன்னும் பத்துப் பிள்ளைகளின் சளியும் அங்கே காத்திருக்கும். ஏப்ரல் நடுவில் பிறந்தால் விடுப்பு ஜூலை கடைசியில் முடியும். மூன்று மாதப் பிள்ளையைப் புகை தொடங்கும் வேளையில், அடுத்தவர் ஜன்னலைச் சாத்துவார் என்று நம்பி ஒப்படைக்க வேண்டும். ஜனவரி நடுவில் பிறந்தால் ஏப்ரல் கடைசியில் முடியும். முதல் சளி, முதல் காய்ச்சல் எல்லாம் நல்ல காற்றிலேயே வந்து போகும். இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதத்து ஊசிகளும் ஜூன் மாதத்துக்குள் முடிந்துவிடும். புகை வந்தாலும் பிள்ளை அப்போது கஞ்சி தின்று தவழும் பிள்ளை.

இங்கே ஒரு வேடிக்கை. ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைக்கும் வழக்கம் நம் ஆட்களோடு கப்பலேறி வந்தது. ஆடியில் தங்கினால் சித்திரையில் பிள்ளை, அக்னி நட்சத்திர வெயிலில் தாயும் பிள்ளையும் வாடும் என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. பினாங்குச் சித்திரைக்கு அந்தக் கொடுமை இல்லை, மாலையில் மழைகூட வரும். ஆனால் சித்திரைப் பிள்ளைக்கு 98 நாள் முடிவது எங்கே என்று மேலே பார்த்தோம். பாட்டிமார் சொன்ன முடிவு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இங்கேயும் பொருந்துகிறது, காரணம்தான் வேறு.

நவம்பர், டிசம்பர் ஜனவரிக்குச் சரியான போட்டி. புகையை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைக்கு அடுத்த புகைக்காலம் வரும்போது எட்டு, ஒன்பது மாதம் ஆகியிருக்கும். ஜனவரிப் பிள்ளையைவிட அது தேவலாம். ஆனால் வயிற்றில் இருக்கும்போது நிலைமை தலைகீழ். நவம்பரில் பெறுபவள் கடைசி மூன்று மாதத்தை, பிள்ளைக்கு எடை கூடும் மாதங்களை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கழிக்கிறாள். கர்ப்பத்தில் நுண்துகள் மிகுந்த காற்றைச் சுவாசிப்பதற்கும் பிள்ளை எடை குறைந்து பிறப்பதற்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஜனவரிக்காரிக்கும் புகை தப்பாது, நடு மாதங்களில் வரும். 2023 அக்டோபர் தொடக்கத்தில் வந்தபோது எனக்கு ஆறாம் மாதம். என்95 முகக்கவரியோடு பேருந்தில் போய் வந்தேன். ஆனாலும் கடைசி மூன்று மாதம் மழையும் குளிர்ச்சியுமாகப் போனது. கால் வீக்கம்கூட மூத்தவனுக்கு இருந்த அளவு இல்லை. அதற்கு மழைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரண்டாவது பிரசவம் எனக்கு எல்லாவற்றிலுமே லேசாக இருந்தது.

அடுத்தது மழை. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் கொட்டும் மழை நவம்பரிலும் முழுதாக விடாது. 2017 நவம்பர் 4 இரவைத் தீவிலும் செபராங் பிறையிலும் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடிவதற்குள் வீடுகளுக்குள் தண்ணீர், சாலை எங்கும் விழுந்த மரம். அன்றைக்கு இடுப்பு வலி கண்டவள் என்ன செய்திருப்பாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. கோலாலம்பூர்ப் பக்கமும் 2021 டிசம்பர் 18-இல் ஷா ஆலம் ஸ்ரீ மூடா அப்படித்தான் மூழ்கியது. ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கில் வறண்ட மாதங்கள். துணி லம்பின், அதாவது குழந்தைக்குக் கட்டும் அணையாடை, காலையில் போட்டால் மதியத்துக்குள் மொரமொரவென்று காய்ந்துவிடும். இதைச் சின்ன விஷயம் என்பவர் மழைக்காலத்தில் நாளுக்குப் பன்னிரண்டு லம்பின் அலசிப் பார்க்கட்டும். டிஸ்போசபிள் மட்டும்தான் என்றால் இந்தப் புள்ளியைத் தள்ளிவிடலாம்.

ஜனவரியின் குறைகளையும் சொல்ல வேண்டும். வடக்கே பிப்ரவரி வெயில் கடுமை. சின்னவளுக்குக் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு, மின்சாரக் கட்டணம் எகிறியது. பிரசவித்தவளுக்குப் பத்தியம் பார்க்க ஆள் கிடைப்பதும் சிரமம். சீனப் பெருநாளையொட்டிப் பத்தியம் பார்க்கும் சீனப் பெண்கள் கூலியைக் கூட்டிவிடுவார்கள், தனியார் கிளினிக்குகள் பல அடைத்திருக்கும். 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25, சீனப் பெருநாள் பிப்ரவரி 10. என் முப்பது நாளுக்குள்ளேயே அந்த இரண்டும் வந்துவிட்டன. தைப்பூசத்தன்று முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள், தீவில் பிரசவம் பார்ப்பவர்கள் அதற்கும் வழி வைத்திருக்க வேண்டும். எனக்கு அம்மா வந்து தங்கியதால் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மா வர முடியாதவர்களுக்கு இந்த ஒரு காரணமே டிசம்பரைத் தேர்ந்தெடுக்கப் போதும், அதில் எனக்கு மறுப்பில்லை.

பள்ளி வயதை முன்பு ஜனவரிக்கு ஆதரவாகப் பெரிதாகப் பேசுவார்கள். ஒரே வகுப்பில் ஜனவரிப் பிள்ளை ஏழு வயது, டிசம்பர்ப் பிள்ளை ஆறைத் தாண்டிச் சில நாள். பள்ளி ஆண்டு 2026-இல் மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது. ஆனால் 2027 முதல் விரும்பினால் ஆறு வயதிலேயே முதலாம் ஆண்டில் சேர்க்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. நடைமுறை எப்படிப் படிகிறது என்று தெரியும்வரை இதை வைத்து மாதம் பார்க்க மாட்டேன்.

இவ்வளவும் நினைத்தபடி கரு தங்கினால்தான். ஜனவரி வேண்டுமென்றால் ஏப்ரல் வாக்கில் தங்க வேண்டும். ஆரோக்கியமான தம்பதிக்கே சில மாதம், சமயத்தில் ஒரு வருடம் பிடிக்கும். அதனால்தான் ஒரு மாதத்தைக் குறிவைக்காமல் ஜனவரி முதல் மார்ச் வரை என்று அகலமாக வைத்தோம். 35-ஐத் தாண்டியவர்கள் மாதம் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

நவம்பரில்தான் தேதி விழுந்திருக்கிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆகஸ்டிலேயே நல்ல முகக்கவரி வாங்கி வையுங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் மருத்துவமனைக்கு ஒருமுறை காரை ஓட்டிப் போய், எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்று உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனைகளைக் குறிக்கும் பிங்க் புத்தகமும் பையும் அக்டோபரிலிருந்தே காரில் இருக்கட்டும்.