ஐ.பி.யா, கிராவிட்டியா? டோலமைட்டில் துத்தநாகம் தேடும்போது

காரைக்குடிப் பக்கம் போர் போடுமுன் நாலு கம்பி ஊன்றி நீரோட்டம் பார்ப்பார்களே, ஐ.பி. (induced polarization, தரையை மின்னேற்றிப் பார்க்கும்) சர்வேயும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். கூடுதலாக, மின்சாரத்தை நிறுத்தியபின் தரைக்குள் மின்னழுத்தம் எப்படி வடிகிறது என்றும் பார்க்கும். மின்கடத்தும் கனிமத் துகள் பாறையில் சிதறிக் கிடந்தால் மெதுவாக வடியும்.

சிக்கல் அங்கேதான். காரீயத் தாதுவான கலீனா காட்டிக்கொடுக்கும், பைரைட்டும் காட்டும். துத்தநாகத் தாதுவான ஸ்பாலரைட், அதிலும் இரும்பு குறைந்த வெளிர் ரகம், அநேகமாக ஊமை. கிராஃபைட்டோ கூப்பாடு போடும். சிவகங்கை கிராஃபைட் பாறைமேல் பெரிய எண் வந்தால் நம்மூரில் யாரும் துள்ள மாட்டார்கள். ராஜஸ்தானின் ஜாவரில் தாது டோலமைட்டில், அதாவது சுண்ணாம்புக்கல் மாதிரியான பாறையில், இருக்கிறது. பக்கத்திலேயே கரி கலந்த ஃபில்லைட், ஏடேடாகப் பிரியும் கருப்புப் பாறை. அந்தக் கரியும் கிராஃபைட் போலவே கூப்பாடு போடும். அங்கே எண்ணை மட்டும் நம்பித் துளையிட்டால் கோர் பெட்டியில் (துளையிலிருந்து எடுத்த பாறைத் தண்டு அடுக்கும் பெட்டி) கருப்புப் பாறைதான் நிறையும். (பென்சில் ‘காரீயம்’ என்பதும் கிராஃபைட்தான். பெயரிலேயே குழப்பம்.)

அளக்கும் முனைக்கு இரும்புக் கம்பி ஆகாது, அதுவே மின்னேறிப் பொய் சொல்லும். மயில்துத்தக் கரைசலில் செம்புக் கம்பி முங்கிய, அடி கசியும் சுடுமண் குடுவை வேண்டும். மின்சாரம் செலுத்தும் முனைக்குக் கம்பி போதும். காய்ந்த செம்புராங்கல் தரையென்றால் குழியில் உப்புத்தண்ணீர் ஊற்றாமல் மின்சாரம் இறங்காது.

கிராவிட்டி என்பது ஈர்ப்புவிசை இடத்துக்கிடம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, அடியில் கனமான பாறை உண்டா என்று பார்ப்பது. அதற்குக் கிராஃபைட் தொல்லை இல்லை. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் டோலமைட் 2.85, ஸ்பாலரைட் 4, கலீனா 7.5. ஆனால் 15% துத்தநாகமும் 5% காரீயமும் உள்ள நல்ல தாதுவே 3.2-ஐத்தான் தொடும். 30 மீட்டர் ஆரமுள்ள அப்படியொரு உருண்டை, மையம் 100 மீட்டர் ஆழத்தில் என்றால், கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் டன். மேலே கிடைப்பதோ 0.02 மில்லிகேல் (ஈர்ப்பு மாற்றத்தை அளக்கும் அலகு) சொச்சம். நிலைய உயரத்தை 10 செ.மீ. தவறாக எடுத்தாலே அவ்வளவும் போச்சு. லெவலிங்கில் (உயரம் அளப்பதில்) காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர் கிராவிட்டி பக்கமே போகவேண்டாம். டோலமைட்டுக்குள் கரைந்த பொந்து இருந்தால் எண் இறங்கும். மண்ணடியில் பாறை மேடு இருந்தால் ஏறும். மேடா என்பதை மின்தடை அளவீடு சொல்லிவிடும்.

ஐ.பி. மட்டும் ஏறி, ஃபில்லைட்டும் அருகில் இருந்தால் விட்டுவிடலாம். கிராவிட்டி மட்டும் ஏறி, அடியில் மேடும் இல்லையென்றால், முதல் துளை அங்கே.

அதற்கும் முன் மண் மாதிரி. காரீயம் இடம்பெயராது, துத்தநாகம் நகரும், இரண்டையும் பாருங்கள். ஜி.ஐ. வாளியும் பித்தளைச் சல்லடையும் வேண்டாம், இரண்டிலும் துத்தநாகம் இருக்கிறது. நைலான் சல்லடை போதும்.